பிரேக் மிதித்தால் கார் கீச்சிடுகிறது, பேட் மாற்றியே ஆக வேண்டுமா?

மழையில் நின்ற காரை எடுத்ததும் சத்தம் கேட்டுப் பயந்துபோய்க் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தக் கீச்சுக்கு நான் இரண்டு தடவை தண்டம் அழுதவன். நான் மெக்கானிக் இல்லை, டிப்ளமோ படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். ஐப்பசி அடைமழையில் கார் பத்து நாள் வேப்பமரத்தடியில் கிடந்தது. எடுத்து முதல் பிரேக் மிதித்ததும் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கீச். தஞ்சாவூருக்கு வேலையாகக் கிளம்பியிருந்தேன். உண்மையைச் சொன்னால் வடுவூர் தாண்டும்போதே சத்தம் நின்றுவிட்டது. வந்ததுக்குக் காட்டிவிடுவோமே என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிற தேய்கட்டைகள், அதாவது முன்பக்க பேட், பின்பக்க ஷூ எல்லாமே போய்விட்டதென்று மாற்றிப் பில்லை நீட்டினார்கள். கார்த்திகை மழையில் மறுபடி ஒரு வாரம் நிறுத்தி எடுத்தேன். மறுபடி அதே கீச். பேட்டுக்கு வயது ஒரு மாதம்!

விஷயம் இதுதான். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற தட்டு, அதைத்தான் பேட் அழுத்திப் பிடிக்கும். அது வார்ப்பிரும்பு. ஈரம் பட்டால் ஒரே ராத்திரியில் மேலே துரு படியும். நாலைந்து முறை பிரேக் பிடித்தால் பேடே அதைத் தேய்த்து எடுத்துவிடும். அதற்கு ஒரு பைசா செலவு கிடையாது.

இந்த ஞானம்தான் அடுத்து என்னைக் கவிழ்த்தது. சில வருஷம் கழித்து, தை மாத அறுவடை நேரம், சத்தம் திரும்ப வந்தது. “துருதான், தானாப் போயிடும்” என்றேன். “தையில ஏதுங்க மழை?” என்று மனைவி கேட்டாள். காதில் வாங்கவில்லை. ரோடெல்லாம் வைக்கோல் காய்கிறது, தூசிதான் போயிருக்கும் என்று இன்னொரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

ரோட்டிலிருந்து வாசலுக்கு இறங்கும்போதுதான் அதிகம் கத்தும். ஏன் இறங்க வேண்டும்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அப்பா வீடு கட்டும்போது ரோட்டுக்கு மேலே மூன்று படி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போட்டுப் போட்டு, இப்போது ரோடு மேலே, நாங்கள் கீழே. மழை பெய்தால் தண்ணீர் திண்ணைக்கு வருகிறது. மனு கொடுத்தால், வீட்டை உயர்த்திக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சரி, விடுங்கள்.

சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். மாட்டு வண்டி அச்சு கத்தினால் வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து வண்டி மை போடுவோமே, அதுபோல் இதற்கும் கொஞ்சம் எண்ணெய் விடு என்று. நல்லவேளை, விடவில்லை. டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் சத்தம் நிற்கும், கார் நிற்காது.

இரண்டு மாதத்தில் கீச் போய்க் கரகர வந்தது. கூத்தாநல்லூரில் ஒரு பாய் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். பேடில் மருந்தே, அதாவது தேய்கிற பகுதியே, இல்லை. டிஸ்க் உழுத வயல் மாதிரி வரி வரியாக இருந்தது. பேடோடு சின்னதாக ஒரு தகடு வைத்திருப்பார்களாம். பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். கத்துவதற்காகவே வைத்தது. “கத்தும்போதே வந்திருந்தா பேட் காசோட போயிருக்கும் சார். இப்ப டிஸ்க்கும் போச்சு” என்றார்.

அதனால் உங்கள் கார் காலையில் மட்டும் கத்தி, கொஞ்ச தூரத்தில் அடங்கினால் கவலை வேண்டாம். நாள் முழுக்க ஒவ்வொரு மிதிக்கும் கத்தினால் இந்த வாரமே சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் தொடாமலே உரசினால் டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கிற தூசித் தகட்டுக்கும் நடுவே பொடிக்கல் மாட்டியிருக்கலாம், அல்லது காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அழுத்துகிற பாகம்) நகர உதவும் பின், கிரீஸ் வற்றி இறுகியிருக்கலாம். அப்படி இறுகினால் அந்தச் சக்கரம் மட்டும் சுடும். பேட் நன்றாக இருந்தும் கத்தினால், சூடேறி அதன் முகம் கண்ணாடிபோல் ஆகியிருக்கும், இல்லையென்றால் மட்டமான பேடாக இருக்கும். கரகர என்றால் ஓட்டவே ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

எல்லா ஒர்க்‌ஷாப்பும் ஏமாற்றுகிறது என்று நான் சொல்லவரவில்லை. கழற்றிய பழைய பேடைக் கேட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். தஞ்சாவூரில் நான் அதைக் கேட்கவில்லை.