கடைசித் தவணை ஏன் நின்றுபோகிறது? எழுத்து ஒப்பந்தம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: வாய்ப்பேச்சாக முடித்த ஒப்பந்தம் செல்லாதா?

செல்லும். நிலம் போன்ற சிலவற்றைத் தவிர, பெரும்பாலான நாடுகளில் வாய்மொழி ஒப்பந்தத்துக்கும் சட்ட மதிப்பு உண்டு. நாடு கடந்த சரக்கு விற்பனைக்கான 1980-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கைகூட, ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனால், பேசியது இன்னதுதான் என்று நிரூபிக்க வேண்டியவர் பணம் கேட்டு நிற்பவர். எதிராளி பொய் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. ஆறு மாதம் போனால் இருவருமே உண்மை என்று நம்பி ஆளுக்கொரு தொகையைச் சொல்வார்கள்.

கேள்வி: 'ஓகே, ஆரம்பிச்சிடுங்க' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் போதாதா?

ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். மின்னணு வடிவில் இருப்பதாலேயே ஓர் ஒப்பந்தத்தைத் தள்ளக் கூடாது என்று ஐ.நா.வின் மின்வணிக மாதிரிச் சட்டம் 1996-லேயே சொல்லிவிட்டது. பல நாடுகள் அதை ஒட்டிச் சட்டம் இயற்றியிருக்கின்றன. தொல்லை எங்கே என்றால், தொகை ஒரு செய்தியிலும் கெடு ஒரு வாய்ஸ் நோட்டிலுமாகக் கிடக்கும். செய்திகள் தானாக அழியும் வசதியைப் போட்டிருந்தால் அதுவும் போச்சு. பேசி முடித்த அன்றே வேலை, தொகை, கெடு, தவணை நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, 'சம்மதம் என்று பதில் வந்ததும் தொடங்குகிறேன்' என்று முடியுங்கள். பதில் வரும்வரை தொடங்காதீர்கள்.

கேள்வி: இணையதளம் செய்து கொடுக்கிறேன். வாடிக்கையாளர் கேட்கும் 'ஒரு சின்ன மாற்றம்' முடிவதே இல்லை. இதை எப்படி எழுதித் தடுப்பது?

'ஐந்து பக்க இணையதளம்' என்று எழுதியிருப்பீர்கள். வாடிக்கையாளர் மனதிலோ, அதில் எழுதித் தருவதும் படம் எடுப்பதும் ஒரு வருடப் பராமரிப்பும் சேர்ந்தே இருக்கும். 'இதில் சேராதவை' என்று தனித் தலைப்பே போட்டு அவற்றை வரிசையாக எழுதிவிடுங்கள். சண்டை வரும் நாளில் முதலில் புரட்டப்படும் பக்கம் அதுதான்.

திருத்தத்துக்கு எண்ணிக்கை வேண்டும். இரண்டு சுற்று என்று வைத்துக்கொள்வோம். சுற்று என்றால் என்ன என்பதும் எழுத்தில் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். வாடிக்கையாளர் தரப்பில் பெயர் குறிப்பிட்ட ஒருவர், எல்லாக் கருத்துகளையும் திரட்டி ஒரே தடவையில் எழுதி அனுப்பினால் அது ஒரு சுற்று. இப்படி எழுதாவிட்டால் முதலாளி ஒரு நிறம் சொல்வார், பார்ட்னர் மறுநாள் வேறு நிறம் சொல்வார், எல்லாமே முதல் சுற்றுதான் என்பார்கள். மூன்றாவது சுற்றிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று குறியுங்கள். புதிதாக ஏதும் கேட்டால், கூடுதல் தொகையையும் கூடுதல் நாட்களையும் எழுதி அனுப்பி, சம்மதம் வந்த பிறகே கை வையுங்கள்.

கெடுவைக் காலண்டர் தேதியோடு கட்ட வேண்டாம். 'எழுத்தும் படங்களும் முழுமையாகக் கைக்கு வந்த நாளிலிருந்து 20 வேலை நாள்' என்று இருந்தால், அவர்களுடைய தாமதம் உங்கள் தலையில் விழாது.

கேள்வி: கடைசித் தவணை மட்டும் எப்போதும் நின்றுவிடுகிறது. ஏன்?

ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 'ஒப்புதல் அளித்த பின் மீதி' என்றோ 'தளம் வெளியானதும் மீதி' என்றோ இருக்கும். இரண்டும் வாடிக்கையாளர் கையில் இருப்பவை. அவர் மறுக்கக்கூட வேண்டாம், பேசாமல் இருந்தாலே போதும். தவணையை நீங்கள் செய்யும் செயலோடு கட்டுங்கள்: தொடங்கும் முன் 40 விழுக்காடு, முதல் வரைவை அனுப்பியதும் 30, இறுதிக் கோப்புகளைக் கொடுக்கும் முன் 30. கூடவே ஒரு வரி: 'ஒப்படைத்த ஏழு நாளுக்குள் குறை எதுவும் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், வேலை ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.'

'30 நாளில் பணம்' என்பதும் அரைகுறைதான். பில் தேதியிலிருந்து என்று சேர்க்காவிட்டால், பில்லைப் பதிவு செய்த நாளிலிருந்து அவர்களுடைய கணக்குப் பிரிவு எண்ணத் தொடங்கும். பாதியில் கைவிட்டால் அதுவரை செய்ததற்கான தொகை, பணம் தாமதமானால் வேலையை நிறுத்திவைக்கும் உரிமை இரண்டும் இருக்கட்டும். தாமத வட்டியையும் எழுதலாம். ஆனால் வட்டிக்கு அசையாதவர்கள் வேலை நின்றால் அசைவார்கள்.

கேள்வி: லோகோவுக்கு முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். அது என் கடைக்குச் சொந்தம்தானே?

அப்படி நினைத்துவிடாதீர்கள். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பதிவு ஏதும் இல்லாமலே பதிப்புரிமை பிறக்கிறது. சம்பளத்துக்கு இருப்பவர் வரைந்தது பொதுவாக நிறுவனத்துக்குப் போகும். வெளியாள் வரைந்தது, பல நாடுகளில், எழுதி மாற்றித் தந்தால்தான் உங்களுடையது. 'முழுத் தொகையும் சேர்ந்ததும் பதிப்புரிமை மாறும்' என்ற வரி இரு தரப்புக்கும் நியாயமானது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு கிடைக்குமா, எழுத்துருவின் உரிமம் யார் பெயரில் என்பதையும் அப்போதே கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: பெரிய நிறுவனம் தன் ஒப்பந்தத்தையே நீட்டுகிறது. மாற்றச் சொன்னால் வேலை போய்விடுமோ?

கேட்டதற்காகவே வேலை போவது அரிது. 'எங்கள் வாடிக்கையாளர் பணம் தந்த பின் உங்களுக்கு' என்ற வரி இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். எல்லா இழப்புக்கும் நீங்களே பொறுப்பு என்று இருந்தால், 'பெற்ற கட்டணத்துக்கு மேற்படாமல்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். போட்டி நிறுவனங்களுக்கு வேலை செய்யக் கூடாது என்ற தடை தொழிலையே முடக்கும். ரகசியம் காப்பேன் என்பதோடு அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு நிறுவனம் என்றால், தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நடுவர் மன்றப் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கலாம். நடுவர் தீர்ப்புகளை நாடு கடந்து நிறைவேற்ற 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை வழி செய்கிறது. ஆனால் சிறு தொகைக்கு வழக்குச் செலவே அதைத் தாண்டிவிடும். அங்கே உங்கள் உண்மையான பாதுகாப்பு அட்வான்ஸ்தான்.

கேள்வி: உறவுக்காரரிடம் எப்படி ஒப்பந்தம் கேட்பது?

ஒப்பந்தம் என்ற பெயரே வேண்டாம். 'மறக்காமல் இருக்கக் குறித்து அனுப்புகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்' என்று ஒரு பக்கத்தை அனுப்புங்கள். இலவசமாகச் செய்வதென்றால் எது இலவசம், எதுவரை என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும்.