தாத்தாவும் ஓர் ‘ஆனாலும்’

அன்புள்ள ஐயா,

என் தாத்தா (அப்பாவின் அப்பா) சென்ற ஆண்டு தவறிவிட்டார். 84 வயது. எங்கள் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவர். எங்கே இருந்தாலும் அவரைச் சுற்றி ஒரே கும்மாளமாக இருக்கும். மழை வந்தால் ஆழியாறு பார்க்கப் போகலாம் என்று நின்ற நிலையில் எல்லோரையும் கிளப்பிவிடுவார். 67 வயதில் பேரன்கள் நாலு பேரையும் வெள்ளியங்கிரி மலை ஏற்றிக் கூட்டிவந்தார். முதல் வருஷத் திதிக்கு அவரைப் பற்றி ஒரு சின்ன மலர் போட்டு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க ஆசை. “தாத்தா ஊர்சுற்றிதான், ஆனாலும் குடும்பத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார்” என்று தொடங்கினேன். அதற்கு மேல் நகரவில்லை. வேடிக்கைக் கதையெல்லாம் போடாதே, மரியாதையாக எழுது என்கிறார் அப்பா. எப்படி எழுதுவது? எத்தனை பக்கம் வரலாம்? அச்சிடுவதா, பி.டி.எஃப். போதுமா?

கா.

அன்புள்ள கா.,

அச்சிடுங்கள். பி.டி.எஃப். அனுப்பினால் உங்கள் சித்தப்பா கைகூப்புகிற படம் ஒன்றைப் பதிலுக்கு அனுப்புவார், திறந்து பார்க்க மாட்டார். எத்தனை பக்கம் என்பது எழுதி முடித்த பிறகு அச்சகத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் முதல் வாக்கியத்தின் மேல். அதில் இருக்கும் ‘ஆனாலும்’ மேல். ஊர்சுற்றி என்று ஒரு குற்றத்தைச் சுமத்திவிட்டு, ஆனாலும் பாசக்காரர் என்று மன்னித்து விடுகிறீர்கள். அவர் என்ன தப்பு செய்தார்? நாலு பையன்களை மலை ஏற்றினார். வெள்ளியங்கிரி ஏழு மலை. மூங்கில் தடி இல்லாமல் ஏறுவது சிரமம். வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் ஏறுவார்கள், மேலே விடியற்காலைக் குளிர் எலும்பைப் பிடிக்கும். அந்த வயதில் நாலு பிள்ளைகளைக் கூட்டிப்போய், நாலு பேரையும் முழுசாக வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். அந்த ராத்திரி அவர் கண் எங்கே இருந்திருக்கும், மலையைப் பார்த்துக்கொண்டா? லைன்மேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கம்பத்தில் ஏறுகிறவர் அத்தனை வருஷம் வேலை பார்த்து, கை கால் சேதமில்லாமல் ஓய்வு பெற்றிருக்கிறார். கவனம் இல்லாத ஆள் செய்கிற காரியமா அது?

இவ்வளவு படபடப்பாக எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின வாரம்தான் எங்கள் ஆச்சியின் டிரங்குப் பெட்டியைப் பிரித்தோம். சேலைகளுக்கு அடியில் என் தாத்தா சாமான் கணக்கு எழுதிய சிட்டைகள் ஒரு கட்டு இருந்தன. ஆச்சி அவற்றை இத்தனை வருஷம் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தது யாருக்கும் தெரியாது.

என் தாத்தா விக்கிரமசிங்கபுரத்து மில்லில் பிட்டர். அம்மாவைப் பெற்றவர். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய் மூன்று ராத்திரி காட்டில் தங்குவோம். திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பாபநாசத்துக்கு மேலே, காரையாறு போகிற வழியில், தாமிரபரணிக் கரையில் இருக்கிற கோயில். 1988-லிருந்து களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் என்று சொல்கிறார்களே, அந்தக் காட்டுக்குள். சனங்கள் ஆற்றங்கரையில் குடில் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். அந்தக் காலத்தில் அமாவாசை அன்றைக்குச் சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் வந்து உட்கார்ந்திருப்பார்.

எங்கள் கூட்டம் 17 பேர். அதில் பிள்ளைகள் ஒன்பது. தாத்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண் கொடுத்திருந்தார். நான் ஏழு. திடீர் திடீரென்று கையைத் தட்டுவார். ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாகக் கத்த வேண்டும், தடங்கலில்லாமல் கத்தி முடித்தால் ஆளுக்கொரு கருப்பட்டி மிட்டாய். ஆற்றில் குளிக்கும்போது, சாப்பிடும்போது, இருட்டில், கோயில் கூட்டத்தில், எப்போது தட்டுவார் என்று தெரியாது. காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். அவர் எங்களைத் தலை எண்ணிக்கொண்டிருந்தார் என்பது என் பிள்ளைகளோடு நான் ஒரு திருவிழாவுக்குப் போன அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இன்றைக்கும் பெரியம்மா மகன் சென்னையிலிருந்து போன் செய்தால், “ஏல ஏழு, மூணு பேசுதேன்” என்றுதான் தொடங்குவான்.

கோயிலில் பட்டவராயர் சன்னதி உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் அவருக்குத் தோல் செருப்பு காணிக்கை வைப்பார்கள். ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவார், அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. தாத்தா எங்களை வரிசையாக நிறுத்தி, போன வருஷத்துச் செருப்பின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்வார். “எம்புட்டு தூரம் நடந்திருக்காரு பாத்தியா? இம்புட்டுப் பெரிய காட்டுக்கு ஒத்த ஆளு காவல்.” அதைக் கேட்ட பிறகு இருட்டில் ஒரு பிள்ளைக்கும் பயம் வராது.

ஆற்றையும் அவரிடம்தான் படித்தேன். குறுக்கே நடக்கும்போது தண்ணீர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும், காலைத் தூக்கி வைக்காமல் உரசிக்கொண்டே நகர்த்த வேண்டும். தண்ணீர் நிறம் மாறிச் செத்தை மிதந்து வந்தால், சோறு வெந்தாலும் வேகாவிட்டாலும் கரையேறு. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்னாலிருந்தே டீக்கடைக்குப் போய்ப் பேப்பரில் பாபநாசம் அணை மட்டம் பார்ப்பார். முழுக் கொள்ளளவு 143 அடி. அதை நெருங்கிவிட்டால், ஆற்றங்கரையில் குடில் போடாமல் மேட்டில் போடுவார்.

சரி, சிட்டைக்கு வருகிறேன். 1979-ஆம் வருஷத்துச் சிட்டை இப்போது என் மேஜை மேல் இருக்கிறது. காப்பி நிறத்துக்குப் போய்விட்ட தாள், பென்சில் எழுத்து. அரிசி 15 படி. மண்ணெண்ணெய் 5 லிட்டர். ஸ்டவ் பின் 2. டார்ச் கட்டை 6. கயிறு 30 முழம். சின்னவளுக்கு இருமல் மருந்து. பட்டவராயருக்குச் செருப்பு ஒரு ஜோடி. அதற்குக் கீழே ஒரு வரி: “7-க்கு டவுசர் 3 கூட.”

அந்த வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. ராத்திரித் தூக்கத்தில் நனைத்துவிடுகிற பிள்ளை நான். வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன். காட்டில் மட்டும் ஒருநாளும் யாருக்கும் தெரிந்ததில்லை. விடிவதற்கு முன்னால் தாத்தா என்னைத் தொட்டு எழுப்பி, “வால, ஆத்தைப் பாத்துட்டு வருவோம்” என்று கையைப் பிடித்துக்கொண்டு போவார். அந்தக் குளிரில் என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியை அலசி, வேறு டவுசர் போட்டுவிட்டுத் திரும்பக் கூட்டிவருவார். மற்றவர்கள் எழுந்ததும், “இன்னைக்கும் ஏழுதாம்ல முத ஆளு. இருட்டுலயே முங்கிட்டு வந்துட்டான்” என்பார். என் பெரியம்மா பிள்ளைகள் என்னை வீரன் என்று நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். டவுசரை அவர் முன்கூட்டியே பட்டியலில் எழுதி வைத்திருப்பார் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

சிட்டையின் பின்பக்கம் அவருடைய மில் கணக்கு. சித்திரையிலும் வைகாசியிலும் யார் யாருக்காக ராத்திரி ஷிப்ட் பார்த்தார் என்று தேதி போட்டுக் குறித்திருக்கிறார். மொத்தம் 11. ஆடியில் நாலு நாள் கிடைப்பதற்காக 11 ராத்திரி. இந்த மனிதரின் பதினாறாம் நாளன்று எங்கள் உறவில் ஒரு பெரியவர், “கடைசி வரைக்கும் விளையாட்டுப் பிள்ளையாவே இருந்துட்டாரு, ஆனாலும் நல்ல மனுசன்” என்றார். ஆச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கே இந்தச் சிட்டைக் கட்டை எடுத்துவந்து அந்த ஆளின் முன்னால் போட்டிருக்கலாம். அவள் போடவில்லை.

இப்போது புரிகிறதா உங்கள் ‘ஆனாலும்’ எனக்கு ஏன் வலித்தது என்று? நம் வீட்டு ஆண்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சம்பளத்தைக் கொடுத்தால் அதற்குப் பெயர் பொறுப்பு. சிரித்துக்கொண்டே கொடுத்தால் சந்தேகப்படுகிறோம். உழைத்தார், ஓடாய்த் தேய்ந்தார் என்றால் மரியாதையாம். மலை ஏற்றினார், ஆற்றில் குளிக்க வைத்தார் என்றால் வேடிக்கைக் கதையாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் “பழகுவதற்கு இனியவர்” என்று போடுகிறோமே, அதில் எந்தப் படத்தை ஒட்டினாலும் பொருந்தும். உங்கள் மலரும் அப்படி ஆகிவிட்டால், நூறு பிரதியும் நூறு வீட்டுப் பரணில் கிடக்கும்.

அப்பாவோடு சண்டை போடாதீர்கள். அவருக்குப் போனது அப்பா. மரியாதை என்று அவர் சொல்வது, யாரும் தன் அப்பாவை லேசாகப் பேசிவிடக்கூடாதே என்கிற பதைப்பில். ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “சின்ன வயசுல தாத்தா உங்களை எங்கேப்பா கூட்டிப்போனாரு?” என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவர் எழுந்து போனால் போகட்டும், நாலு நாள் கழித்து அவரே வருவார். அவர் சொல்வதைத்தான் மலரில் முதலில் போட வேண்டும், வெள்ளியங்கிரி அடுத்தது.

அந்த நாலு பேரன்களில் நீங்களும் ஒருவரா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால், அந்த ராத்திரி யார் களைத்துப்போய் உட்கார்ந்தது, யாரைத் தாத்தா தூக்கினார், பையில் என்ன கொண்டுவந்தார், எல்லாவற்றையும் எழுதுங்கள். தடி யாருடையது உடைந்தது என்பதைக்கூட விடாதீர்கள். தாத்தாவின் பெட்டி, பரண், சட்டைப்பை எதையும் இன்னும் காலி செய்யவில்லை என்றால், எழுதி முடிக்கும்வரை யாரையும் தொட விடாதீர்கள்.

மலர் வந்ததும் எனக்கு ஒரு பிரதி தபாலில் அனுப்புங்கள்.

அன்புடன்.