மகனை ப்ராப் ஆட விடலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். சிட்னி டூங்காபிக்குக் குடிவந்து சில மாதம்தான் ஆகிறது, எட்டாவது படிக்கும் மகன் வயசுக்கு மீறிய வளர்த்தி, ஸ்கூல் ரக்பி கோச் அவனைப் பார்த்துவிட்டு "நல்ல ப்ராப்பாக வருவான்" என்கிறார், பையனும் படிப்பை விட்டுவிட்டு கான்ட்ராக்ட் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். இது ஒரு தொழிலாகுமா? என் பதில், ஆட விடுங்கள், ஆனால் வருமானக் கணக்கில் இதை எழுதாதீர்கள்.

இங்கே ரக்பி இரண்டு வகை. 15 பேர் ஆடுவது யூனியன், பெரும்பாலும் வசதியான தனியார் பள்ளிகளின் ஆட்டம். 13 பேர் ஆடுவது லீக், நம் மேற்கு சிட்னியில் ஃபுட்டி என்றாலே இதுதான். வட இங்கிலாந்தில் மில்லிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்த ஆட்டக்காரர்கள் மேட்சுக்காக லீவு போட்டால் கூலி போய்விடும், அந்தக் கூலியைக் கொடுக்க வேண்டும் என்ற சண்டையில்தான் 1895-இல் லீக் தனியாகப் பிரிந்தது. 1908-இல் சிட்னியிலும் போட்டி ஆரம்பமாகிவிட்டது. பிறந்ததே காசுத் தகராறில் என்பதால் இந்த ஆட்டத்தில் காசு பேச யாரும் கூச்சப்படுவதில்லை, நாமும் பேசலாம்.

அதற்கு முன் ப்ராப் என்றால் என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள். பந்து வைத்திருக்கும் அணியை ஆறு தடவை பிடித்து மடக்கினால் (இதுதான் டாக்கிள்) பந்து கைமாறிவிடும். அந்த ஆறில் முதல் இரண்டு மூன்று பெரும்பாலும் ஃபார்வர்டுகள், அதாவது ப்ராப் மாதிரி முன்னால் மோதும் பெரிய ஆட்கள், தலையில்தான் விழும். எதிரே நூறு கிலோ ஆட்கள் மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள், அவர்கள் மேலேயே நேராக ஓடி மோதி, விழுந்து, பத்து மீட்டர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து பின்னால் போக வேண்டும். கபடியில் பாடிப் போகிறவன் தொட்டுவிட்டுத் தப்பிக்கத்தான் பார்ப்பான், ப்ராப் பிடிபடுவதற்கென்றே ஓடுகிறான். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து ட்ரை போடுவது பெரும்பாலும் ஓரத்தில் நிற்கும் விங்கர்தான், மறுநாள் பேப்பரில் படமும் அவனுடையதுதான் வரும்.

நம் ஏரியா டீம் பாராமட்டா ஈல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ரோ என்ற இன்னொரு ஃபார்வர்ட் இடத்தில் ஆடிய நேதன் ஹிண்ட்மார்ஷ் 1998-இலிருந்து 2012 வரை ஒரே கிளப்புக்காக 330 ஆட்டம் ஆடினார், இங்கத்திய பெரிய லீக் போட்டியான என்.ஆர்.எல்.-இல் பத்தாயிரம் டாக்கிளைத் தொட்ட முதல் ஆள். 2001, 2009 இரண்டு இறுதி ஆட்டத்திலும் தோற்று, கோப்பையைக் கையில் வாங்காமலே ஓய்வு பெற்றார். ஆனாலும் வென்ட்வொர்த்வில்லில் எந்த சலூனில் உட்கார்ந்து அவர் பெயரைச் சொன்னாலும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். மரியாதை வரும், கோப்பை வருமா என்பது உங்கள் மகன் கையில் இல்லை.

உடம்பு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. சவுத் சிட்னி கிளப்பின் சாம் பர்ஜஸ் 2014 இறுதி ஆட்டத்தில் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்தும் தொடர்ந்து ஆடி, ஆட்டநாயகனுக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கத்தை வாங்கினார். அதை இன்னமும் வீரக்கதையாகச் சொல்கிறார்கள். அதே ஆள் தோள் சரியாகாமல் 2019-இல் 30 வயதிலேயே நிறுத்த வேண்டி வந்ததைச் சொல்வது குறைவு. தலையில் படும் அடி இதைவிட மோசம். கேன்டர்பரி கிளப்பின் பழைய ஃபார்வர்ட் ஸ்டீவ் ஃபோக்ஸ் 2018-இல் 59 வயதில் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்ததில், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சி.டி.இ. என்ற மூளை நோய் தெரிந்தது. இப்போது விதிகள் கடுமை. தலையில் அடிபட்டு மூளை அதிரும் கான்கஷன் ஆனால் பெரிய லீகிலேயே பொதுவாக 11 நாள் உட்கார வைக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் குறைந்தது 21 நாள் என்பது தேசிய வழிகாட்டுதல். உங்கள் கிளப் அதைப் பின்பற்றுகிறதா என்று முதல் நாளே கேளுங்கள், மழுப்பினால் வேறு கிளப் பாருங்கள்.

சரி, காசு. இப்போது 17 கிளப், ஒவ்வொன்றிலும் முதல் தர ஒப்பந்தம் சுமார் 30 பேருக்கு. கூட்டிப் பார்த்தால் ஐநூற்றுச் சொச்சம் இடம், அதில் பாதிதான் ஃபார்வர்டுகளுக்கு. 2023-இல் ஒரு கிளப் அந்த 30 பேருக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பே 1.21 கோடி டாலர், அதில் பெரிய துண்டு ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக், ஃபுல்பேக்குக்குப் போய்விடும். மீதியும் நல்ல சம்பளம்தான், இல்லை என்று சொல்லவில்லை, முப்பது முப்பத்திரண்டில் நின்றுவிடும், அவ்வளவுதான். கையில் பணமும் சும்மா இருக்கும் மதியங்களும் சேர்ந்தால் பக்கத்திலேயே போக்கி என்ற சூதாட்ட மெஷின் இருக்கிறது, அதை நடத்துவதே பல இடங்களில் ஃபுட்டி அணிகளோடு சேர்ந்த லீக்ஸ் கிளப்தான். இந்த வேடிக்கையை என்னால் இன்னமும் ஜீரணிக்க முடியவில்லை.

இன்னொன்று, இப்போதைய வளர்த்தியை நம்பாதீர்கள். என்.ஆர்.எல். ஆட்டக்காரர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மாவோரி, பசிபிக் தீவு வம்சாவளி. பதிமூன்று வயதில் உங்கள் மகன் பெரியவனாகத் தெரியலாம், ஹரோல்ட் மேத்யூஸ், எஸ்.ஜி. பால் மாதிரி இளைஞர் போட்டிகளுக்குப் போகும்போது டோங்கா, சமோவாப் பையன்கள் அவனைத் தாண்டியிருப்பார்கள். அப்போதும் அவனுக்கு டாக்கிள் பண்ணப் பிடித்திருந்தால் தொடரட்டும். என் மகன் பதினாறு வயதோடு நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியன் அப்ரென்டிஸ் ஆனான், முதல் வேலையே கூட ஆடிய பையனின் அப்பாவிடம்தான் கிடைத்தது. இந்த ஊரில் ஃபுட்டி கொடுக்கும் பெரிய லாபம் இந்த ஆள் பழக்கம்தான். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சனிக்கிழமை கேன்டீனில் சாசேஜ் சுடும் முறை உங்களுக்கும் வரும், ஆபீஸில் மூன்று வருஷத்தில் கிடைக்காத நண்பர்கள் அங்கே கிடைப்பார்கள்.

அப்புறம் விசா. தற்காலிக விசாவில் இருக்கும் இந்தியர்களுக்குப் பொதுவாக அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடையாது, நீங்களும் அப்படி என்றால் உங்கள் இன்ஷூரன்ஸில் ஆம்புலன்ஸும் விளையாட்டுக் காயமும் அடங்குமா என்று சேர்க்கும் முன்பே பாருங்கள், பிசியோவுக்கு எவ்வளவு தருவார்கள் என்றும் கேளுங்கள். மௌத்கார்டு கடையில் வாங்காமல் பல் டாக்டரிடம் அளவு கொடுத்துச் செய்துகொள்ளுங்கள், வளர்கிற பையன், அடுத்த சீசனுக்கு இன்னொன்று செய்ய வேண்டிவரும்.