சின்ன வேனா, பெரிய மோட்டர்ஹோமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஈஸ்டர் விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: சின்னதா, பெரியதா? பிரிட்டனில் 16 ஆண்டுகளாக இந்த வண்டிகளோடு மல்லுக்கட்டி வருகிறேன். முதலில் ஃபோக்ஸ்வாகன் டி5 கேம்பர்வேன். பிறகு ஆசை முற்றி 7 மீட்டர் மோட்டர்ஹோம். இப்போது 6 மீட்டருக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவான ஃபியட் டுகாட்டோ. பெரியதிலிருந்து இறங்கி வந்தவன் என்பதால் என் பதில்களில் கொஞ்சம் சாய்வு இருக்கும். அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு விளக்கம். வேனின் இரும்புக் கூட்டுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் பொருத்தினால் அது கேம்பர்வேன். ஓட்டுநர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் தனியாக ஒரு வீட்டுப் பெட்டியைக் கட்டி ஏற்றினால் மோட்டர்ஹோம்.

கேள்வி: நான், மனைவி, 11 வயது மகள், 8 வயது மகன். "நால்வர் படுக்கலாம்" என்ற விளம்பரத்தோடு ஒரு பழைய கேம்பர்வேன் குறைந்த விலைக்கு வருகிறது. வார நாட்களில் பள்ளிக்கும் கடைக்கும் அதையே ஓட்ட நினைக்கிறேன். வாங்கலாமா அண்ணா? (ஹாரோ வாசகர்)

படுக்கையை எண்ணாதீர்கள் தம்பி, சீட் பெல்ட்டை எண்ணுங்கள். நால்வர் படுக்கும் வண்டியில் நால்வர் பயணம் செய்யலாம் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் பக்கவாட்டில் ஒரு பெஞ்சு என்று இருக்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டு இருக்கையில் குழந்தை இருக்கையைப் பொருத்தக் கூடாது. இங்கே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைக்குக் குழந்தை இருக்கை தேவை. அதாவது உங்கள் மகனுக்கு அநேகமாக வேண்டும். இருவரின் உயரத்தையும் அளந்து பாருங்கள். வேனைப் பிற்பாடு மாற்றிக் கட்டியிருந்தால், பின்னிருக்கை பயணிகள் காருக்குரிய எம்1 தரத்துக்கு இழுவைச் சோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

பள்ளிக்கும் கடைக்கும் ஓட்டுவது என்றால் ஃபோக்ஸ்வாகன் டி5, அதற்கடுத்து வந்த டி6 அளவுதான் சரி. இங்கே கார் நிறுத்தும் கட்டத்தின் வழக்கமான அளவு 4.8 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். டி6-இன் குட்டை வடிவம் 4.9 மீட்டர், மூக்கு மட்டும் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். மேலெழும் கூரையை இறக்கி வைத்தால் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். கடற்கரை ஊர்களில் வாகன நிறுத்தத்தின் வாசலில் 2.1 மீட்டர் உயரத்தில் ஓர் இரும்புத் தடுப்பு தொங்கும். டி5-இல் போனவரை அதை நான் நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை. மோட்டர்ஹோம் வாங்கிய முதல் கோடையில் ஒரே நாளில் மூன்று இடங்களில் அந்தத் தடுப்புக்கு முன் நின்று, பின்னால் ஹாரன் அடிக்கும் கார்களுக்குக் கையைக் காட்டி மன்னிப்புக் கேட்டபடி பின்னோக்கி நகர்ந்தேன். பிள்ளைகள் அன்று கடலைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். எல்லோரும் இரவுத் தூக்கத்தை நினைத்து வண்டி தேடுகிறார்கள். சண்டை வருவதோ பகலில்தான்.

கேள்வி: என்னிடம் இருப்பது சாதாரண கார் உரிமம். 7 மீட்டர் மோட்டர்ஹோமை ஓட்ட முடியுமா? (லெஸ்டர் வாசகர்)

நீளத்துக்கு வரம்பு இல்லை. எடைக்கு உண்டு. 1997 ஜனவரி 1 முதல் கார் தேர்வில் தேறியவர்கள் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். அதற்கு முன் தேறியவர்களுக்கு சி1 பிரிவு தானாகவே கிடைத்தது; அவர்கள் 7,500 கிலோ வரை ஓட்டலாம். 70 வயதில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அந்த சி1-ஐத் தக்கவைக்க மருத்துவப் பரிசோதனை வேண்டும். பார்க்க வேண்டியது வண்டியின் தகட்டில் பொறித்திருக்கும் உச்ச எடை. வண்டி காலியாக இருக்கிறதே என்ற வாதம் செல்லாது.

நம்மவர்கள் இடறி விழுவது அடுத்த படியில்தான். உரிமத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காகவே பெரிய மோட்டர்ஹோம்களையும் 3,500 கிலோ தகட்டோடு விற்கிறார்கள். காலி வண்டியின் எடை போக மிஞ்சுவது சில சமயம் 400 கிலோதான். 400 கிலோ நிறைய என்று தோன்றும். கணக்குப் போடுவோம். ஓட்டுநரை 75 கிலோ என்று ஏற்கெனவே காலி எடையில் சேர்த்திருப்பார்கள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் 140. தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர் என்றால் 100 கிலோ. வண்டியின் பக்கவாட்டில் விரிக்கும் பந்தல் 30. நான்கு சைக்கிளும் அதைத் தாங்கும் சட்டமும் 75. இரண்டாவது பேட்டரி 25. மொத்தம் 370 ஆகிவிட்டது. மீதி 30 கிலோவில் துணி, போர்வை, பாத்திரம், நாற்காலி, அரிசி, பருப்பு, அப்புறம் மாமியார் கட்டிக் கொடுத்த ஊறுகாய்.

எங்கள் மோட்டர்ஹோமை ஒரு தடவை எடைமேடையில் ஏற்றினோம். 3,640 காட்டியது. அங்கேயே ஓரங்கட்டி, நீர்த்தொட்டியின் திருகைத் திறந்து 80 லிட்டரை வெளியேற்றினேன். அப்போதும் 60 கிலோ அதிகம். பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால், "எப்போதாவது தேவைப்படும்" என்று எடுத்து வைத்த இரும்புத் தோசைக்கல் இரண்டு, கேரம் பலகை, 20 கிலோ அரிசி மூட்டை! வாங்குவதற்கு முன் தகட்டு எடையைக் கேளுங்கள். காலி எடையைக் கேளுங்கள். காலி எடையில் தண்ணீரும் கூடுதல் சாதனங்களும் சேர்ந்ததா என்றும் கேளுங்கள். சி1 உள்ளவர்கள் 3,850 கிலோவுக்குத் தகட்டை மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. சி1 இல்லையென்றால் உங்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே நீளம் கூடக் கூட நீங்கள் ஏற்றக்கூடியது குறையும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. முழங்கால் வலி, இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்திருப்பார். அவரோடு ஊர் சுற்ற வேண்டும் என்பதற்காகவே வண்டி வாங்குகிறோம். கணவருக்குச் சின்ன கேம்பர்வேன் மீது ஆசை. (டூட்டிங் வாசகி)

இந்த ஒரு கேள்விக்கு நான் தயங்காமல் பெரியதன் பக்கம் நிற்பேன். உங்கள் கணவர் மன்னிக்க வேண்டும்.

சின்ன வேனில் இரவு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பின்னிருக்கையை மடக்கினால் படுக்கை, இருவருக்கு அது. மற்றவர்கள் மேலெழும் கூரையில், ஏணி வைத்து ஏற வேண்டும். கையடக்கக் கழிப்பறை ஏதாவது ஒரு பெட்டிக்குள் இருக்கும். அதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் படுக்கையைச் சுருட்ட வேண்டும். அதிகாலை 2 மணிக்கு அம்மா எழுந்தால் எல்லோரும் எழ வேண்டும். நம் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? யாரையும் எழுப்பக் கூடாது என்று மாலை 5 மணிக்கே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். என் மாமியார் செய்தார். நான்காம் நாள்தான் எங்களுக்கே தெரியவந்தது.

நீங்கள் தேட வேண்டியது நிலையான படுக்கை; அதுவும் இரண்டு பக்கமும் இறங்க வழிவிடும் நடுக்கட்டில், அல்லது தாழ்வான இரண்டு ஒற்றைக்கட்டில்கள். கூரையிலிருந்து இறங்கும் படுக்கை அவருக்கு ஆகாது. கதவு உள்ள கழிப்பறை வேண்டும். கடைக்கு அம்மாவையும் அழைத்துப்போங்கள். வாசல் படியில் ஏறி இறங்கச் சொல்லுங்கள், கட்டிலில் உட்காரச் சொல்லுங்கள், கழிப்பறைக் கதவை மூடிக்கொண்டு உள்ளே திரும்பச் சொல்லுங்கள். விற்பனையாளர் பொறுமை இழந்தால் இழக்கட்டும்.

ஒரு விஷயம் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. இந்த வண்டிகளில் இருப்பது கேசட் கழிப்பறை, அதாவது கழிவுத் தொட்டியைத் தனியே உருவி எடுக்கும் வகை; அந்தத் தொட்டி 20 லிட்டருக்குள்தான் இருக்கும். நால்வர் என்றால் இரண்டு நாளில் நிறைந்துவிடும். அதை இழுத்துக்கொண்டு போய், அதற்கென்று உள்ள இடத்தில்தான் கொட்ட வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதை வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். உங்கள் கணவருக்கு ஆறுதலாக அதையே கொடுத்துவிடலாம்.

கேள்வி: ரைஸ் குக்கர் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் கிளம்ப மாட்டார்கள். சின்ன வேனில் ஓடுமா? (ஈஸ்ட் ஹாம் வாசகி)

ஓடும், ஆனால் பேட்டரியை உறிஞ்சிவிடும். 700 வாட் குக்கர் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஏறத்தாழ 65 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரத்தில் 32 ஆம்பியர்-மணி போய்விட்டது. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதியைத்தான் கெடுதல் இல்லாமல் பயன்படுத்தலாம். அப்படியானால் ஒரு வேளைச் சோற்றுக்கே இருப்பில் பாதிக்கு மேல் காலி. இரவு விளக்கும் ஹீட்டர் விசிறியும் எதில் ஓடும்? லித்தியம் பேட்டரி என்றால் நிலைமை தேவலை.

கேம்ப்சைட்டில் மின் இணைப்பு எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பிரிட்டனில் பெரும்பாலும் 16 ஆம்பியர் வரை கிடைக்கும். பிரான்சில் சில இடங்களில் 6 ஆம்பியர்தான். அதாவது 1,380 வாட். குக்கரோடு கெட்டிலையும் போட்டால் இணைப்பு துண்டித்துக்கொள்ளும். நானோ 3 லிட்டர் பிரஷர் குக்கரை எரிவாயு அடுப்பில் வைத்துவிடுகிறேன். மூன்று விசில், 15 நிமிடம். கூரைச் சன்னலைத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் ஆவி குளிர்ந்து கண்ணாடியெல்லாம் வியர்த்து வழியும். மீன் குழம்பை வெளியே வையுங்கள். சின்ன வேனின் துணி இருக்கையில் அந்த மணம் அடுத்த தீபாவளிவரை குடியிருக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். குளிர்காலத்தில் நீலச் சிலிண்டர் வேண்டாம்: அதிலிருக்கும் பியூட்டேன் உறைநிலைக் குளிரில் வாயுவாக எழும்பாது. சிவப்புச் சிலிண்டரின் புரோப்பேன் பிரிட்டனின் எந்தக் குளிரிலும் எரியும்.

கேள்வி: ஸ்காட்லாந்தின் நார்த் கோஸ்ட் 500 பாதையில் போக ஆசை. எதில் போகலாம்? (பர்மிங்ஹாம் வாசகர்)

இன்வர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல் சுற்று அது. 2015-இல் இந்தப் பெயர் சூட்டிய பிறகு கூட்டம் அதிகம். பெரிய பகுதி ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் இடப்பக்க ஒதுக்கிடத்தில் நுழைந்து நிற்க வேண்டும். ஒதுக்கிடம் வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நம் பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். 7 மீட்டர் வண்டி பல ஒதுக்கிடங்களை முழுதாக அடைத்துவிடும்.

ஆப்பிள்கிராஸுக்குப் போகும் பியலாக் ந பா மலைப்பாதை 626 மீட்டர் உயரம் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகள், 20 சதவீதச் சரிவு. மிகப் பெரிய வண்டிகளுக்கும் கேரவன்களுக்கும் ஏற்றதல்ல என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் ஏறி, நடு வளைவில் எதிர் வண்டியோடு முகத்தோடு முகம் நின்று, பத்துக் கார்களைப் பின்னோக்கி நகரவைத்த ஒரு மோட்டர்ஹோமை நேரில் பார்த்தேன். உள்ளே இருந்தவர் யாரையும் பார்க்காமல் திசைச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய வண்டி என்றால் ஷீல்டெய்க் வழியாகக் கடலோரமாகப் போங்கள். அதுவும் ஒற்றைத் தடம்தான், ஆனால் ஏற்றம் இவ்வளவு கொடுமை இல்லை.

இன்னொன்று: ஸ்காட்லாந்தில் எங்கும் தங்கலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் நடமாட்ட உரிமை கூடாரத்துக்குப் பொருந்தும். மோட்டார் வண்டிக்குப் பொருந்தாது.

கேள்வி: வேல்ஸில் ஸ்கந்த வேல் கோயிலுக்கு மோட்டர்ஹோமில் போகலாமா? (குரோய்டன் வாசகி)

கோயில் பெயரிலுள்ள 'வேல்' (Vale) ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கு; அது நம் காதில் முருகன் வேலாகவே விழுவது அழகுதான். இலங்கையில் பிறந்த குரு ஒருவர் 1973-இல் கார்மார்த்தன்ஷயரில் நிறுவிய இடம். மோட்டர்வேயை விட்டு இறங்கியபின் வேல்ஸ் கிராமப் பாதைகள், இருபுறமும் உயர்ந்த வேலி. கேம்பர்வேன் என்றால் யோசிக்க வேண்டாம். மோட்டர்ஹோம் என்றால் நிறுத்த இடம் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விழா நாளில் கூட்டத்துக்கு நடுவே அதைத் திருப்பும் பாவத்தைச் செய்யாதீர்கள்.

கேள்வி: பழைய மோட்டர்ஹோம் வாங்கும்போது எஞ்சினைத் தவிர எதைப் பார்க்க வேண்டும்? (மில்டன் கீன்ஸ் வாசகர்)

எஞ்சினுக்கு மெக்கானிக் இருக்கிறார். நீங்கள் ஓதத்தைப் பாருங்கள். வேனின் இரும்புக் கூட்டுக்கு இணைப்புகள் குறைவு. மோட்டர்ஹோமின் பெட்டியோ பலகை பலகையாக ஒட்டியது. கூரை ஓரம், சன்னல் மூலை, விளக்குப் பொருத்திய இடம் என ஒவ்வொன்றும் மழைக்கு ஒரு வாசல். மேல் அலமாரிகளைத் திறந்து உள் மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நனைந்த அப்பளம் போல அமுங்கினால் விலை பேச வேண்டாம். ஈரமானியில் 15 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. 20-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும்.

நான் வாங்கியதில் புது மலர் வாசனை தூக்கலாக வீசியது. ஏன் இவ்வளவு வாசனை என்று எனக்குத் தோன்றவே இல்லை. எட்டு மாதம் கழித்துப் பின்சுவரைப் பிரித்தபோது உள்ளே மரச்சட்டம் புட்டு மாவைப் போல உதிர்ந்தது.

கேள்வி: லண்டனுக்குள் ஓட்டக் கட்டணம் உண்டா? (வெம்பிளி வாசகர்)

2023 ஆகஸ்ட் 29 முதல் அல்ட்ரா லோ எமிஷன் மண்டலம் (புகை அதிகம் விடும் வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம்) லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்துகிறது. 3,500 கிலோ வரை உள்ள டீசல் வண்டி யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. அதற்கு மேல் எடை என்றால் வேறு மண்டல விதி. அங்கே தரத்தில் தேறாத வண்டிக்குத் தொகை 100 பவுண்டிலிருந்து தொடங்கும். வெம்பிளியில் வீடு என்றால் தரத்தில் தேறாத வண்டி வாசலை விட்டு நகர்ந்தாலே கணக்கு ஓடும்.

கேள்வி: பிரான்ஸ் சுங்கச் சாவடியில் சின்னதற்கும் பெரியதற்கும் வித்தியாசம் உண்டா? (ரீடிங் வாசகர்)

உண்டு. உயரம் 2 மீட்டருக்குள் என்றால் காருக்குரிய முதல் வகுப்பு. 2 முதல் 3 மீட்டர் வரை இரண்டாம் வகுப்பு. உயரம் 3 மீட்டரைத் தொட்டாலோ எடை 3,500 கிலோவைத் தாண்டினாலோ மூன்றாம் வகுப்பு.

கேள்வி: வெட் கிரைண்டர் எடுத்துப்போகலாமா? சிரிக்காதீர்கள். (சவுத்ஹால் வாசகி)

சிரிக்கவில்லை, நானும் ஒரு தடவை யோசித்தவன்தான். கல்லோடு சேர்த்து 10 கிலோவுக்கு மேல் வரும், மேலே 30 கிலோ கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மாவை வீட்டிலேயே அரைத்து, உப்புப் போடாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். டப்பாவைப் பாதிதான் நிரப்ப வேண்டும். எங்கள் டி5-இன் குளிர்பெட்டி வண்டி நின்ற இடத்தில் ஓடவில்லை. கார்ன்வால் போய்ச் சேர்வதற்குள் மாவு பொங்கி, மூடியைத் தள்ளி, கதவு இடுக்கு வழியாகத் தரைவிரிப்பில் இறங்கிவிட்டது.