பற்றரியை மாறிக் கொழுவிய பிறகு கார் ஏன் ஸ்டார்ட் ஆகாது?

பிளஸ் முனையில் மைனஸ் வயரையும் மைனஸ் முனையில் பிளஸ் வயரையும் பூட்டுவதுதான் மாறிக் கொழுவுவது. மட்டக்களப்பில் ஓடும் ஜப்பான் கார்களில் இதற்கு வழி அதிகம். அந்தப் பற்றரிகளின் குறியீடு எல் அல்லது ஆர் என்று முடியும். எழுத்து மாறினால் பிளஸ் முனை மறுபக்கம் போய்விடும். வயர் எட்டுகிற பக்கத்தில் பூட்டிவிடுகிறார்கள். (பிளஸ் முனை சற்றுத் தடிப்பானது. கிளாம்ப் இறங்க மறுத்தால் சுத்தியலைத் தேடாமல் நின்று பாருங்கள்.)

எஞ்சின் ஓடும்போது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட்டுகள் கிணற்று மோட்டரின் ஃபுட்வால்வ் மாதிரி, ஒரு பக்கம்தான் விடும். முனை மாறினால் பற்றரி மின்சாரம் அந்த விடும் பக்கமாகவே தடையின்றிப் பாயும். மற்றவை எரிவதற்கு முன் மெயின் பியூஸ் உருகிவிடும், பெரும்பாலும். அதனால்தான் கார் ஸ்டார்ட் ஆகாது.

வயர்களைச் சரியாக மாற்றி, மல்டிமீற்றரால் அந்தப் பியூஸைச் சோதியுங்கள். அதே அம்பியர் பியூஸ்தான் போடவேண்டும். செப்புக் கம்பி சுற்றினால் வயரிங்கே எரியும். பிறகு எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வராவிட்டால் டயோட்டுகளைச் சந்தேகிக்கலாம்.

கார் அசையாததால் பற்றரி செத்துவிட்டதென்று பலர் புதிது வாங்குகிறார்கள், 12.6 வோல்ட் காட்டும் பற்றரியை மாற்றினாலும் உருகிய பியூஸ் உருகியபடியேதான் இருக்கும்.