ஒப்பந்தம் போனது, ஆள் போகவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பல்கலைக்கழகம் ஒரு வேதிப்பொருள் நிறுவனத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு மூன்று ஆண்டு ஆகிறது. எங்கள் துறை உருவாக்கிய ஒரு பூச்சுப்பொருளின் செய்முறையை முழுதாக எழுதிக் கொடுத்தோம். "எங்கள் கலனில் சரியாக வரவில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அதோடு சரி. ஆராய்ச்சிக்கான வரிச்சலுகையை அரசு உயர்த்தினால் நிறுவனங்கள் அக்கறை காட்டுமா? பல்கலைக்கழகம், தொழில்துறை, அரசு மூன்றும் பின்னிய முச்சுருள் மாதிரி நடைமுறைக்கு ஒத்துவருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பொதுவில் பதில்.

வரிச்சலுகையால் முதலில் பயன்பெறுவது ஏற்கெனவே ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர். ஆய்வாளர் ஒருவர்கூட இல்லாத நிறுவனம் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? முச்சுருளை எட்ஸ்கோவிட்ஸ், லேடஸ்டோர்ஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தொண்ணூறுகளில் முன்வைத்தார்கள். நல்ல சிந்தனைதான். பிறகு அது மூன்று வட்டங்களாகி எல்லாக் கருத்தரங்குகளின் முதல் ஸ்லைடிலும் உட்கார்ந்துவிட்டது. விடுங்கள்.

செய்முறையை முழுதாகக் கொடுத்தோம் என்கிறீர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள், கொடுத்திருக்க மாட்டீர்கள். "இரண்டாவது கரைசலை மெதுவாகச் சேர்க்கவும்" என்றுதானே அதில் இருக்கும்? எவ்வளவு மெதுவாக? வெப்பம் உமிழும் வினையை 100 மில்லி குடுவையில் செய்தால் சூடு கண்ணாடிச் சுவர் வழியே போய்விடும். அதே வடிவத்தில் 100 லிட்டர் கலனுக்குப் போனால் கொள்ளளவு 1000 மடங்கு, சுவரின் பரப்போ 100 மடங்குதான். ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிர்ச்சிப் பரப்பு பத்தில் ஒன்றாகிவிடுகிறது. குடுவையில் பத்து நிமிடத்தில் ஊற்றியதை அங்கேயும் பத்து நிமிடத்தில் ஊற்றினால் சூடு உள்ளே தேங்கும், பக்கவினைகள் கிளம்பும், நிறம் மாறும், சரக்கு கெட்டியாகும். கெட்ட நேரமாக இருந்தால் வினை கைமீறிக் கலனே ஆபத்தாகிவிடும். கலக்குவதும் அப்படியே. காந்தக் கலக்கி நொடியில் கலந்துவிடுவதைப் பெரிய கலனின் துடுப்பு அத்தனை சீக்கிரம் கலக்காது. ஊற்றும் இடத்தில் மட்டும் அடர்த்தி கூடி, அங்கேயே கட்டி தட்டும்.

உங்கள் ஆய்வு மாணவருக்கு இதில் பாதி கைப்பழக்கமாகத் தெரியும். குடுவை சுட ஆரம்பித்தால் சொட்டுவிடுவதை நிறுத்துவார், ஆறியதும் மறுபடி திறப்பார். எழுதி வைக்க வேண்டிய விஷயமென்று அவருக்கே தோன்றியிருக்காது. அவரை அந்த ஆலைக்கு ஒரு வாரமாவது அனுப்பினீர்களா? உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லையே! கைகுலுக்கும் புகைப்படம் மட்டும் பத்திரமாக இருக்கும்.

தைவான் அரசு 1973-இல் தொடங்கிய ஐடிஆர்ஐ ஆய்வு நிறுவனம், 1976-இல் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனத்திடம் மின்னணுச் சில்லுத் தொழில்நுட்பத்தை வாங்கியது. வரைபடத்தை வாங்கி அலமாரியில் வைக்கவில்லை. பொறியாளர்களை ஆர்சிஏ ஆலைகளுக்கே அனுப்பிப் பழக்கினார்கள். திரும்பி வந்தவர்கள் ஊரில் மாதிரி ஆலையை ஓட்டினார்கள். 1980-இல் யூஎம்சி, 1987-இல் டிஎஸ்எம்சி என்று சில்லு தயாரிக்கும் நிறுவனங்கள் அதிலிருந்து பிரிந்தபோது ஆய்வகத்தில் பழகியவர்களும் கூடவே போனார்கள். பிரிட்டனில் 1975-இல் தொடங்கிய ஒரு திட்டம் பெயர் மாறி இன்றும் நடக்கிறது. ஒரு பட்டதாரியைப் பல்கலைக்கழகம் வேலைக்கு எடுக்கிறது, அவர் உட்காருவது நிறுவனத்தில். செலவில் ஒரு பங்கை அரசும் மீதியை நிறுவனமும் தருகின்றன. பேராசிரியர் வாரம் அரை நாள் போய்ப் பார்க்கிறார். டென்மார்க்கில் முனைவர் பட்ட மாணவரே நிறுவன ஊழியராக இருக்கிறார், சம்பளத்தில் ஒரு பகுதி அரசுப் பணம். முச்சுருளைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சம்பளச் சீட்டில் பாருங்கள்.

ஆளை அனுப்பினால் உரிமை பறிபோகுமே என்று உங்கள் பதிவாளர் சொல்வார். நியாயமான பயம். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர் ஒருவர் 1989-இல் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கற்க செட்டஸ் நிறுவனத்துக்குப் போனார். உள்ளே நுழைய அவர் கையெழுத்திட்ட தாளில், கண்டுபிடிப்பின் உரிமையை இதன்மூலம் மாற்றித் தருகிறேன் என்று இருந்தது. ஸ்டான்ஃபோர்டுக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்ததோ, மாற்றித் தரச் சம்மதிக்கிறேன் என்பது மட்டும். செட்டஸ் தாளுக்கே வலு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அரசு நிதியில் செய்த ஆய்வு என்பதாலேயே உரிமை பல்கலைக்கழகத்துக்குத் தானாக வந்துவிடாது என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே மாணவர் கிளம்பும் முன்பே நீங்கள் கொண்டுபோகும் அறிவின் பட்டியலை ஒப்பந்தத்தில் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். அங்கே புதிதாகப் பிறப்பது யாருக்கு என்பதை எழுதுங்கள். ஆலை வாசலில் நீட்டும் எந்தத் தாளிலும் உங்கள் சட்டப் பிரிவு பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். கட்டுரையைப் படித்துப் பார்க்க நிறுவனத்துக்கு 30 நாள், காப்புரிமை விண்ணப்பத்துக்கு இன்னும் 60 நாள் கொடுங்கள், அதற்கு மேல் ஆய்வேட்டைப் பிடித்துவைக்க விடாதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பே ஆய்வேடு நூலகத்துக்குப் போய்விட்டால் ஐரோப்பாவில் காப்புரிமை கிடைக்காது.

அந்த மாணவர் இன்னும் துறையில் இருக்கிறாரா? பட்டம் வாங்கிப் போயிருந்தால் முதலில் அவரைத் தேடிப் பிடியுங்கள். ஒரு லிட்டரில் ஒரு தடவை, பத்து லிட்டரில் ஒரு தடவை செய்யச் சொல்லி, உள்வெப்பம், சேர்க்கும் வேகம், கலக்கும் வேகம் மூன்றையும் நிமிடத்துக்கு நிமிடம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளையும் அவரையும் சேர்த்தே ஆலைக்கு அனுப்புங்கள்.