சனிக்கிழமை மாலைக்கு ஒரு கசப்பு, ஒரு பாட்டு

கேள்வி: சனிக்கிழமை மாலை கல்லூரி நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நல்ல காக்டெயில் ஒன்றும் அதற்குப் பொருத்தமான பாட்டு ஒன்றும் சொல்லுங்கள். குளிருக்கு விஸ்கிதான் சரி என்கிறார்கள் எல்லோரும்.
– வாசகர், கோத்தகிரி

பதில்: நீலகிரியில் குடியிருந்துகொண்டு ஜின் டானிக்கை விட்டுவிடாதீர்கள். டானிக் என்னும் கசப்பு சோடாவின் கசப்பு கொயினாவின் (குயினைன்) கசப்பு. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. தென் அமெரிக்காவின் அந்த மரத்துக்கு 1860களில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டம் போட்டார்கள். மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று அதுதான் மருந்து. நடுவட்டத்தில் சீனக் கைதிகளையும் அந்த வேலைக்கு வைத்திருந்தார்கள். கூடலூர் பஸ் அந்த ஊரைத் தாண்டும்போதெல்லாம், கடல் கடந்து வந்து இந்த மழையிலும் பனியிலும் மண் வெட்டிய அந்த மனிதர்களை நினைத்துக்கொள்வேன். நம் மலையோடு இவ்வளவு உறவுள்ள பானம் வேறு இல்லை.

உயரமான கண்ணாடித் தம்ளர் நிறைய ஐஸ் போடுங்கள். குளிர்கிறதே என்று ஐஸைக் குறைத்தால் அது சீக்கிரம் கரைந்து பானம் நீர்த்துப்போகும். ஜின் 50 மில்லி, நன்கு குளிர்ந்த டானிக் 150 மில்லி. டானிக்கைத் தம்ளரின் ஓரமாக மெல்ல ஊற்றி, ஒரே ஒரு முறை கலக்கினால் போதும். அதிகம் கலக்கினால் நுரைப்பு அடங்கிவிடும். எலுமிச்சைத் துண்டு ஒன்று. சர்க்கரை வேண்டவே வேண்டாம், டானிக்கிலேயே இருக்கிறது. கடிக்க வர்க்கி வையுங்கள்.

பாட்டு, ‘பொன்மாலைப் பொழுது’. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியது, வைரமுத்து திரைக்கு எழுதிய முதல் பாட்டு. வேலை கிடைக்காத இளைஞர்களின் கதை அது. அந்தக் கதைக்குள் இப்படி ஒரு மாலையா என்று ஒவ்வொரு முறையும் நெகிழ்ந்துபோகிறேன். கசப்பு அடியில் கிடக்க, மேலே வெளிச்சம் ததும்புகிறது. ஜின் டானிக்கும் அப்படித்தான். ஆறு மணிக்கு முன்பே ஜன்னல் திரையை விலக்கிவிட்டுப் பாட்டைப் போடுங்கள். தொடக்கத்தில் வரும் அந்த முணுமுணுப்பு முடியும்வரை யாரும் பேச வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நண்பர்கள் அன்றிரவு உங்கள் வீட்டிலேயே தங்கட்டும். குடித்துவிட்டு மலைப்பாதையில் வண்டி ஓட்டக் கூடாது.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை. வெறும் டானிக் குடிக்கலாமா? கொசுக்கடிக் காய்ச்சலுக்கு நல்லது என்கிறார் தாத்தா.
– வாசகி, குன்னூர்

பதில்: தாராளமாகக் குடியுங்கள், எலுமிச்சை பிழிந்து. ஆனால் இன்றைய டானிக்கில் இருக்கும் கொயினா சுவைக்கு மட்டுமே. காய்ச்சலைத் தீர்க்கும் அளவு அதில் கிடையாது. காய்ச்சல் வந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று தாத்தாவிடம் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களும் டானிக்கைத் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட எலுமிச்சை சோடா கொடுங்கள்.